மிஸ்டு கால் புரட்சி

சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளில் அடிபம்பு கெட்டுப்போனால் கோண்டி மட்டுமே தெரிந்தவர் யாரிடம் முறையிடுவார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். ஆனால் அதிகாரிகளுக்கு அந்த மொழி தெரியாது, நாளிதழ்களோ இந்தியில்.

பிபிசியில் பணியாற்றிய பத்திரிகையாளர் ஷுப்ரன்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. சாதா செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் போதும். கம்ப்யூட்டர் திருப்பி அழைக்கும். பேச 1, கேட்க 2. ரேஷன் வரவில்லை, வேலை உறுதித் திட்டக் கூலி பாக்கி – எல்லாம் சொந்தக் குரலில். ஆசிரியர் குழு சரிபார்த்த பிறகே வெளியாகும்.

சாமர்த்தியம் அதற்கடுத்த கட்டத்தில். புகார் சொல்பவரே சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் நம்பரையும் சொல்லிவிடுவார். இணையத்தில் அதைக் கேட்கும் நகரவாசிகள் அதிகாரியைக் கூப்பிட்டு நச்சரிப்பார்கள். (ஃபேஸ்புக்கில் குத்துவிளக்குப் படம் போட்டு 'லைக்' எண்ணும் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த யோசனை ஏனோ தோன்றுவதில்லை.) பல ஊர்களில் பம்பு சரியானது, கூலி வந்தது. அதையும் மக்களே அழைத்துச் சொன்னார்கள்.

சிக்கல், பணம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்வராதான் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கேட்பவர்கள் பெருகப் பெருக பில்லும் எகிறியது. பிறகு வந்ததுதான் 'புல்டூ ரேடியோ': இணையம் உள்ள ஊரில் ஒலிப்பதிவுகளை இறக்கி, ப்ளூடூத் வழியே போனுக்குப் போன் இலவசமாகக் கடத்துவது. கிராமத்தார் வாயில் ப்ளூடூத், 'புல்டூ'வாகிவிட்டது.