ஒரே சுரத்தில் நிற்பவர்கள்

ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மெசையா'வில் வரும் அல்லேலூயா கோரஸ் முடிகிற இடத்தில் ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு குரல்களும், டிரம்பெட்டும், முரசும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறிவந்து சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில் சத்தமே கிடையாது. அதற்குப் பிறகுதான் கடைசி அல்லேலூயா, நிதானமாக, அகலமாக வரும். வந்த வேகத்தில் வாயை நிறுத்த முடியாமல் யாராவது ஒருவர் அந்த வெற்றிடத்துக்குள் குதித்துவிடுவார். ஒத்திகையில் கொயர் மாஸ்டர் இதை மட்டும் தனியாகச் சொல்லித் தருவார். எல்லாரையும் பென்சில் எடுத்து நோட்டில் வட்டம் போடச் சொல்லுவார். வட்டம் போட்டவர்களே குதிப்பதும் உண்டு. நிகழ்ச்சியன்று எல்லாரும் சேர்ந்து சரியாக நின்றுவிட்டால், தாங்கள் எழுப்பிய ஒலியே சுவரில் பட்டுத் திரும்பி வருவது காதில் விழும். பாடியவர்கள் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள்.

'மெசையா' என்ற அந்தப் படைப்பு முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று, டப்ளின் நகரத்தில், ஃபிஷாம்பிள் தெருவில் இருந்த ஓர் இசைக்கூடத்தில். கூட்டம் தாங்காது என்று பயந்த அமைப்பாளர்கள், பெண்கள் வளையம் வைத்த பாவாடை உடுத்தாமலும் ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படிச் செய்ததில் ஏறத்தாழ 700 பேர் உள்ளே நெருக்கி உட்கார முடிந்தது. வசூல், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்பதற்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. கோரஸ் பாடியவர்கள் ஊரின் இரண்டு பேராலயங்களைச் சேர்ந்த பாடகர்கள். அவற்றில் ஒன்றின் தலைமைக் குருவானவர், 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். தம் பாடகர்கள் போகக்கூடாது என்று முதலில் தடை போட்டவர் அவர். கடைசியில் அவர்களும் பாடினார்கள்.

இன்று அதே படைப்பைக் கேட்க வருகிறவர்களே பாடிவிட்டுப் போகும் வழக்கமும் இருக்கிறது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1974 முதல் நடக்கும் அந்த நிகழ்ச்சியில், ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, குரல்வாரியாகப் பிரிந்து உட்கார்ந்து, ஒரே ஒத்திகையோடு முழுவதையும் பாடிவிடுகிறார்கள். ஐரோப்பியக் கோரஸ் அமைப்புகள் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தக் கண்டத்தில் ஏதாவதொரு குழுவில் பாடுகிறவர்கள் சுமார் 3.7 கோடி பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பாட்டில் ஒரு பைசா சம்பாதிக்காதவர்கள். வங்கி வேலை, பள்ளிக்கூடம், பேக்கரி என்று பகலைக் கழித்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலை பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறவர்கள்.

தனிக்குரலைக் கொண்டாடிப் பழகிய நமக்கு இதிலுள்ள சுவை உடனே பிடிபடாது. நம் மேடையில் நல்ல குரல் உள்ளவர் பாடுவார்; மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கோரஸில் சுமாரான குரல்தான் மூலப்பொருள். தனியாகப் பாடினால் யாரும் நின்று கேட்காத நாற்பது குரல்கள் சேரும்போது, அந்த நாற்பதில் எதிலும் இல்லாத ஒரு நிறம் வந்துவிடுகிறது. நடுங்குகிற குரலின் நடுக்கத்தைப் பக்கத்துக் குரல் மூடிவிடும். மூச்சு போதாதவருடைய குறையை இன்னொருவர் நிரப்பிவிடுவார்.

இந்த மூச்சு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இருபது விநாடி நீளும் ஒரு வரியை ஒரே மூச்சில் பாடச் சாதாரண மனிதரால் ஆகாது. குழு பாடும்போது மட்டும் அது அறுபடாமல் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. வரியின் இடைவெளியில் மூச்சிழுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும்; அதனாலேயே அங்கே இழுக்கக்கூடாது. ஒரு சொல்லின் நடுவில், நெடிலில் நிற்கும்போது, மெதுவாக வாயை விட்டுவிட்டு, மூச்சை நிரப்பிக்கொண்டு, போன சுவடு தெரியாமல் திரும்பிவந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. பாடுகிறவருக்கு, தான் இல்லாத அந்த ஒரு விநாடியைப் பக்கத்து ஆள் தாங்கிப் பிடித்தது தெரியும்.

எழுத்துகளும் தொந்தரவு கொடுக்கும். ஆங்கிலப் பாட்டில் 'ஸ்' என்று முடியும் சொல் வந்தால், நாற்பது பேர் நாற்பது நேரத்தில் அதைச் சொல்ல, தாளிக்கிற சத்தம் கேட்கும். அதற்காகவே சில நடத்துநர்கள், "கடைசி எழுத்தை இந்த மூன்று பேர் மட்டும் சொன்னால் போதும்" என்று பிரித்துக் கொடுப்பார்கள். தமிழில் தொல்லை வேறு மாதிரி. 'ம்' என்று முடியும் சொல்லில் உதட்டைச் சீக்கிரம் மூடிவிட்டால் ஒலி அணைந்துவிடும். உயிரெழுத்தை நீட்டிக்கொண்டே போய், நடத்துநரின் கை மூடும் நொடியில் எல்லாரும் ஒன்றாக வாய் மூட வேண்டும். இந்த ஒரு 'ம்'முக்காகக் கால்மணி நேரம் போகும். அது சரியாக அமைந்த முதல் தடவை ஒத்திகை அறையில் எழும் சிரிப்பில் வெற்றிபெற்ற மகிழ்ச்சி அப்படியே தெரியும்.

நான்கு குரல்களுக்கும் நான்கு சுபாவங்கள் உண்டு என்று கோரஸ் பாடுகிறவர்கள் சாதிப்பார்கள். பெண்களில் உயர்ந்த குரலான சோப்ரானோக்களுக்கு மெட்டு கிடைத்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியிலும் முணுமுணுத்துக்கொண்டு போகலாம். ஆண்களில் உயர்ந்த குரலான டெனர்களுக்கு எப்போதும் பஞ்சம். ஆண்களில் பெரும்பாலோரின் குரல் உயரத்துக்கும் தாழ்வுக்கும் நடுவில்தான் அமைகிறது. மேலே சுகமாகப் பாடுகிறவர் குறைவு. ஆகவே இரண்டு டெனர் உள்ள குழு அவர்களைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளும், சில இடங்களில் தாழ்ந்த குரல் உள்ள பெண்களே அந்த வரிசையில் போய் நிற்பார்கள். ஆண்களில் தாழ்ந்த குரலான பேஸ் பாடுகிறவர்கள் கட்டடத்தின் அடித்தளம்.

பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோவின் கதைதான் தனி. சுற்றிலும் மற்ற மூவரும் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஆல்டோ பல வரிகளுக்கு ஒரே சுரத்தில் நிற்க வேண்டியிருக்கும். இசையமைப்பாளருக்கு அவர்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை அசையாமல் வைத்தால் பாட்டு வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பொதுச் சுரம் பெரும்பாலும் நடுக்குரலிடம்தான் இருக்கும். ஆல்டோவின் வரியைத் தனியாக வீட்டில் பாடிக்காட்டினால், இது என்ன பாட்டு என்று வீட்டார் கேட்பார்கள். ஆனால் அந்த ஒரே சுரம், கீழே பேஸ் நகரும்போது ஒரு நேரம் இனிக்கும், அடுத்த நேரம் உறுத்தும், மறுபடி இனிக்கும். தான் அசையாமலே தன் சுரத்தின் நிறம் மாறுவதை உள்ளேயிருந்து கேட்கும் பாக்கியம் அவர்களுக்குத்தான். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்குக்கூட இது கிடைக்காது.

வாத்தியமில்லாமல் பாடும் குழுவுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: சுருதி இறங்கும். களைத்த மூச்சும், கீழிறங்கும் இடைவெளிகளைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிடும் பழக்கமும் சேர்ந்து, பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒற்றுமையாக அரைச்சுரம் கீழே வந்திருப்பார்கள். யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் பியானோவில் ஒரு கட்டையை அழுத்திப் பார்க்கும்போதுதான் வெளியாகும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அத்தனை பேரும் சேர்ந்தல்லவா இறங்கினார்கள்!

சேர்ந்து பாடினால் உடம்பில் என்ன நடக்கிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃபும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு வயது இளைஞர்கள் 15 பேரை முதலில் ஒரே சுரத்தில் முனக வைத்தார்கள், பிறகு ஒரு ஞானப்பாட்டு, அதன்பின் மெதுவான ஒரு மந்திரம். பாட்டின் அமைப்பு மூச்சை ஒழுங்குபடுத்தியது. மூச்சோடு இதயத் துடிப்பு ஏறி இறங்கியது. சேர்ந்து பாடியவர்களின் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. யோகாசன வகுப்பில் மூச்சுப்பயிற்சி செய்கிறவர்களுக்கு இது வியப்பாக இராது.

மற்றப் பொழுதுபோக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. ஐலுனெட் பியர்ஸ், ராபின் டன்பார் ஆகியோர் பங்குகொண்ட அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கான வகுப்புகள்: சில பாட்டுக்கு, சில கைவினைக்கு, சில கதை எழுதுவதற்கு. ஏழு மாதம் நடந்தன. முதல் மாதத்திலேயே பாட்டு வகுப்பினர் மற்றவர்களைவிட வேகமாக ஒட்டிக்கொண்டார்கள். ஏழாவது மாதத்தில் எல்லா வகுப்புகளும் சமம். பின்னல் போடுகிறவர்களும் கதை எழுதுகிறவர்களும் பேசிப் பேசி மெதுவாக வந்துசேர்ந்த இடத்துக்கு, பாட்டுக்காரர்கள் பேர் தெரிந்துகொள்ளும் முன்பே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் மாறி வந்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பேச்சுத் துணை தேடுகிறவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நான்கு குரல் பாட்டு தேவாலயங்கள் வழியாக வந்தது. நாரிச் நகரத்தைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கி, ஜான் கர்வன் என்ற போதகர் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய 'டானிக் சோல்ஃபா' முறை இங்கே நன்றாக வேர்பிடித்தது. கோடும் புள்ளியும் படிக்கத் தெரிய வேண்டாம். டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகளை வைத்தே பாடிவிடலாம். 'டோ' எந்த உயரத்திலும் நிற்கலாம் என்பது இதன் அடிப்படை. பாடகரின் குரலுக்கேற்பச் சட்ஜத்தை வைத்துக்கொண்டு பாடும் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போதாததற்கு, மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே சுரங்கள் கொண்டவை.

சென்னையில் 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மேற்கத்தியக் கோரஸ் படைப்புகளை இன்றும் பாடுகிறது. தேவாலயத்துக்கு வெளியே தமிழ்ப் பாடல்களுக்கும் இந்தப் பல குரல் முறையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் திரைப்பட இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். 1970களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, பாரதியார் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களாகப் பிரித்துப் பாடியது. அது சுலபமான வேலை அல்ல. கமகம் அசைந்து அசைந்து போகும்போது அதன் கீழே இன்னொரு குரலை நிறுத்தினால் இரண்டும் உரசும். அசைவு எங்கே வேண்டும், எங்கே சுரம் நேராக நிற்க வேண்டும் என்று வரிக்கு வரி முடிவெடுத்தாக வேண்டும்.

இவை எதுவும் தெரியாமலே கோரஸின் சுகத்தை அறிந்தவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பையன்களும் பெண்பிள்ளைகளும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்புவார்கள். ஒரு கிட்டார், ஒரு டிரம், தாடி நழுவிக்கொண்டே இருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கேக், முறுக்கு, டீ. எந்த வீட்டில் சுடச்சுட வடை கிடைக்கும் என்பது பழைய ஆட்களுக்கு அத்துபடி. அந்த வீட்டில் பாட்டு தானாகவே இரண்டாகும். நாலாவது நாள் தொண்டை கட்டிவிடும். சுக்குக் காபியும் பனங்கற்கண்டும் கைமாறும். "அண்ணே, இன்னிக்கு நீங்க வாய மட்டும் அசைங்க" என்று சின்னவன் சொல்ல, அந்த அண்ணனும் சளைக்காமல் வாயசைத்துக்கொண்டு கடைசி வீடு வரை வருவார்.

பாடத் தெரியாதவர்களை மட்டுமல்ல, முணுமுணுக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தவர்கள் பின்லாந்தில் வாழும் தெல்லெர்வோ கல்லைனன், ஒலிவர் கோக்தா-கல்லைனன் என்ற கலைஞர் தம்பதி. மனிதர்கள் குறை சொல்லச் செலவிடும் சக்தியை வேறெதற்காவது பயன்படுத்த முடியுமா என்று யோசித்து, 2005-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் முதல் 'புகார்க் கோரஸ்' அமைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் மனக்குறைகளைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவர் மெட்டுப் போட்டார். குறை சொன்னவர்களே நின்று பாடினார்கள். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் நடந்தபோது, டிராம் வண்டியின் நாற்றத்திலிருந்து விளையாட்டில் ஸ்வீடனிடம் தோற்றுக்கொண்டே இருப்பது வரை எல்லாம் பாட்டில் இடம்பெற்றது. முழு மரியாதையோடு அவர்கள் பாடும் காணொளி உலகம் சுற்றியது. பிறகு பல நாடுகளில் குழுக்கள் முளைத்தன. சிங்கப்பூரில் 2008-இல் மட்டும் சிக்கல் வந்தது: உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பற்றி வெளிநாட்டவர் பாடக்கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். குழுவில் வெளிநாட்டவர் சிலர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாட மனமில்லாத குழு, பொது நிகழ்ச்சியைக் கைவிட்டு அழைக்கப்பட்டவர்கள் முன் மட்டும் பாடியது.

புகார்க் கோரஸ் அமைப்பது எப்படி என்று அந்தத் தம்பதி வழிமுறையே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்களை அழையுங்கள், புகார்களைச் சேருங்கள், நல்ல இசைக்கலைஞர் ஒருவரைப் பிடியுங்கள், ஒத்திகை பாருங்கள், தெருவில் நின்று பாடுங்கள் என்று அது போகிறது. சேருவதற்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.