தலைநகரின் இரு கிதார் வித்வான்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டன், ராஜதந்திரிகளும் வக்கீல்களும் சர்க்கார் குமாஸ்தாக்களும் நிறைந்த நகரமென்றே உலகம் அறியும். இசைத்தட்டு வியாபாரம் செழித்த நியூயார்க், நாஷ்வில், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களோடு அதைச் சேர்த்துப் பேசும் வழக்கம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரைச் சுற்றி வாழ்ந்து, அதன் புறநகர் மதுச்சாலைகளிலேயே தங்கள் வித்தையின் பெரும்பகுதியைச் செலவிட்ட இருவர், உலகம் அறியாத கிதார் வித்வான்களுள் தலைசிறந்தவர் என்ற ஒரே பட்டத்தைப் பதினெட்டு வருஷ இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகப் பெற்றார்கள். முதல்வர் ராய் பியூக்கானன். 1971-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி அவரைப் பற்றி ஒரு விவரணப்படம் ஒளிபரப்பிய நாள்முதல் அந்தப் பட்டம் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. இரண்டாமவர் டேனி கேட்டன். 1989-இல் 'கிதார் பிளேயர்' பத்திரிகை அவரைத் தன் அட்டையில் போட்டு, அதே அடைமொழியைச் சூட்டியது.

இருவரும் கையாண்ட வாத்தியமும் ஒன்றே. கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் 1950-ஆம் வருஷத்தையொட்டி உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த டெலிகாஸ்டர், குடமில்லாத வெறும் மரப்பலகையில் ஆறு தந்திகளையும், அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு காந்தச் சுருள்களையும், ஒலியின் அளவுக்கு ஒன்றும் தன்மைக்கு ஒன்றுமாக இரண்டு திருகுகளையும் பொருத்திய எளிய கருவி. அலங்காரம் எதுவுமற்ற அந்த வாத்தியம் வாசிப்பவனுடைய குறைகளில் ஒன்றையும் மறைப்பதில்லை. விரல் சற்றுத் தயங்கினாலும் அந்தத் தயக்கம் அப்படியே வெளியே கேட்டுவிடும். 1953-ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட டெலிகாஸ்டரையே இருவரும் பெரிதும் விரும்பினார்கள். பியூக்கானன் தம்முடையதற்கு 'நான்சி' என்று பெயரிட்டிருந்தார்.

பியூக்கானன் 1939-இல் ஆர்கன்ஸாஸ் மாகாணத்தின் ஓஸார்க் என்ற சிற்றூரில் பிறந்து, கலிபோர்னியாவின் விவசாயப் பிரதேசத்தில் பிக்ஸ்லி என்னும் ஊரில் வளர்ந்தவர். பால்யத்தில் அவர் கற்றது மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிதார்; உலோகத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே இழைந்து செல்லும் அதன் குழைவை, பிற்காலத்தில் சாதாரணக் கிதாரில் வெறும் விரல்களைக் கொண்டே அவர் சாதித்தார். நம்முடைய வைணிகர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதைப் போல, இவரும் தந்தியை வளைத்து ஸ்வரத்தை மேலேற்றுவார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வலது கையின் சுண்டுவிரலால் ஒலித் திருகை மெல்லத் திறப்பார். மீட்டின் ஓசை கேளாமல், ஸ்வரம் மட்டும் சூன்யத்திலிருந்து தானே பிறந்து பெருகுவதுபோல் தோன்றும். மற்றவர்கள் தனிக் கருவிகளை வாங்கிக் காலால் மிதித்து அடைந்த விளைவுகளை, அவர் இரண்டு திருகுகளையும் ஒரு விரலையும் கொண்டு அடைந்தார்.

இளம் பிராயத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பிய அவர், 1958-இல் டேல் ஹாக்கின்ஸ் பாடிய இசைத்தட்டுக்கு வாசித்தார். பிறகு ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகரின் குழுவில் சிலகாலம் இருந்து, பின்னாளில் பெரும்புகழ் பெறப்போகும் ராபி ராபர்ட்ஸன் என்ற இளைஞருக்குப் பல நுட்பங்களைக் காட்டிக்கொடுத்தார். அதன்பின் விவாகமாகி, குழந்தைகள் பிறந்து, வாஷிங்டன் பக்கம் வந்து தங்கிவிட்டார். ஜீவனத்துக்காக க்ஷவரத் தொழில்கூடப் பயின்றார் என்பதை நினைக்கும்போது என் மனம் வேதனைப்படுகிறது. மேரிலாந்து மாகாணத்தின் பிளேடன்ஸ்பர்க் என்னும் ஊரில், கிராஸ்ரோட்ஸ் என்ற மதுச்சாலையில் இரவுதோறும் அவர் வாசித்ததைக் கேட்கத் தொலைதூரத்திலிருந்து கிதார் பயில்வோர் வந்து கூடினார்கள்.

தொலைக்காட்சிப் படம் வந்தபின் நிலைமை மாறவே செய்தது. இசைத்தட்டுக் கம்பெனிகள் தேடி வந்தன, பெரிய அரங்குகளும் கிடைத்தன. 1975-இல் ஜெப் பெக் என்ற இங்கிலாந்துக் கலைஞர் தம் இசைத்தட்டில் ஓர் உருப்படியையே பியூக்கானனுக்குச் சமர்ப்பித்தார். ஆனால் அவரை விற்க முற்பட்டவர்கள் அவரை அவராக இருக்கவிடவில்லை. காலத்தின் நாகரிகத்துக்கேற்பப் பாடகர்களையும் பக்கவாத்தியங்களையும் அவர்மேல் ஏற்றி, அவருடைய இசையின் மௌனங்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். மனம் கசந்த அவர், தம் இஷ்டப்படி வாசிக்க முடிந்தாலன்றி ஒலிப்பதிவுக் கூடத்தில் கால்வைப்பதில்லை என்று 1981-இல் தீர்மானித்து, 1985-இல் சிகாகோவின் அலிகேட்டர் என்ற சிறு கம்பெனி அந்தச் சுதந்திரத்தை அளிக்கும்வரை அதைக் காத்தார்.

டேனி கேட்டனின் பிரகிருதி வேறு. 1945-இல் வாஷிங்டனிலேயே பிறந்து, அநகோஸ்டியா பகுதியில் வளர்ந்த அவர், பியூக்கானனோடு ஒருகாலத்தில் கூடி வாசித்துப் பழகியவர். பியூக்கானன் ஒற்றை ஸ்வரத்தில் நிலைத்து அதன் உள்ளே இறங்குபவரென்றால், கேட்டன் கிடைத்த மார்க்கங்கள் யாவற்றிலும் ஒரேசமயத்தில் சஞ்சரிப்பவர். வர்ஜீனியாவின் மலைநாட்டு மக்கள் பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்தபோது தங்கள் பாஞ்சோ இசையையும் உடன் கொண்டுவந்தார்கள். கறுப்பின மக்களின் புளூஸும், ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பிறந்த ஊருக்கு இயல்பான ஜாஸும் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தன. இவ்வளவையும் கேட்டு வளர்ந்த கேட்டன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மீட்டுவில்லையைப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய விரல்களால் பாஞ்சோக்காரரைப்போல் தந்திகளைச் சுண்டி, ஒரே பாட்டுக்குள் மலைநாட்டு மெட்டிலிருந்து ஜாஸுக்கும் அதிலிருந்து ராக்கபில்லிக்கும், கேட்பவர் மூச்சுவிடுவதற்குள் தாண்டிச் செல்வார். ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்வாத்தியத்தின் நாதத்தைக் கிதாரில் வரவழைப்பார். பீர் புட்டியையே தந்திமேல் உருட்டி வாசித்து, சிந்திய நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே அந்தத் துணிக்கு அடியிலும் ஸ்வரம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருப்பார்.

சக கலைஞர்கள் அவருக்கு இட்ட பெயர், கர்வத்தைப் பங்கம் செய்பவர் என்ற பொருளுடைய 'ஹம்ப்ளர்' என்பது. அவர் வாசித்த கச்சேரி ஒன்றின் ஒலிநாடா அதே பெயருடன் கிதார் வாசிப்போரிடையே கைமாறிக்கொண்டிருந்தது. கடைகளில் அவர் பெயரைக் காணாதவர்களும் அந்த நாடாவைப் பொக்கிஷமாகக் காத்தார்கள். அவருடைய இசைத்தட்டுகளைச் சொந்த முயற்சியில் வெளியிட்ட கம்பெனியை நடத்தியவர் அவருடைய தாயாரே. 'கிதார் பிளேயர்' அட்டைப்படம் வந்தபின் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்து, 1991-இல் '88 எல்மைரா ஸ்ட்ரீட்' என்று அவருடைய பழைய வீட்டு விலாசத்தையே பெயராகக் கொண்ட இசைத்தட்டையும், 1993-இல் மற்றொன்றையும் வெளியிட்டு, விற்பனை போதவில்லையென்று அவரை விட்டுவிட்டது.

வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. கேட்டன் தாமே பாடுவதில்லை. பாட்டில்லாத இசையை அமெரிக்க வானொலிகள் அபூர்வமாகவே ஏற்றன. இசைத்தட்டுக் கடைகளில் ஜாஸுக்கு ஒரு தட்டு, நாட்டுப்புற இசைக்கு ஒரு தட்டு, ராக்குக்கு ஒரு தட்டு என்று பிரித்து அடுக்கியிருக்கும்போது, மூன்றையும் ஒரே உருப்படியில் வைத்திருப்பவரை எந்தத் தட்டில் வைப்பது? வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுவதிலும் அவருக்குப் பிரியமில்லை; மேரிலாந்தின் நியூபர்கில் இருந்த பண்ணையும், பிரித்துப் பூட்டிப் புதுப்பித்த பழைய மோட்டார் வண்டிகளும் அவருக்குக் கச்சேரிகளுக்கு நிகரான ஆனந்தத்தை அளித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெகுஜன கீர்த்தியென்பது நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்க விரும்பும் கூட்டத்தால் உண்டாவது. நேற்று வாசித்ததை இன்று வாசிக்க மனமில்லாத ஒருவர் அந்தக் கூட்டத்தை எப்படிச் சம்பாதிக்க முடியும்?

1988 ஆகஸ்டில், வர்ஜீனியாவின் பேர்பாக்ஸ் சிறைக்கூடத்தில், குடிபோதைக்காகக் காவலில் வைக்கப்பட்டிருந்த பியூக்கானன் மரணமடைந்தார். தற்கொலையென்று அதிகாரிகள் கூறியதை அவருக்கு நெருங்கியவர்கள் பலர் ஏற்கவில்லை. 1994 அக்டோபர் 4-ஆம் தேதி கேட்டன் தம் பண்ணையில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இந்த இரு முடிவுகளையும் இணைத்து, புகழ் கிட்டாத ஏக்கமே இவர்களைக் கொன்றது என்று கதை கட்டுவோர் உண்டு. ஒரு மனிதனின் உள்ளத்துயரத்துக்கு அவ்வளவு சுலபமான காரணம் கற்பிப்பதை நான் வெறுக்கிறேன். கதை சொல்வோரின் சௌகரியத்துக்காக, இத்தனை ஆண்டுகள் இரவுதோறும் இவர்கள் படைத்த ஆனந்தம் வெறும் தோல்வியின் முன்னுரையாகிவிடுகிறது. மதுச்சாலையின் புகைக்கிடையே நின்று கேட்ட நூறு பேர் ஒரு மகாசபைக்குக் குறைந்தவர்கள் என்று யார் தீர்மானித்தது? அவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பியதும் தாங்களே கிதாரை எடுத்து, கேட்டதில் ஒரு துளியையாவது பிடிக்க முயன்றவர்கள்; அந்த முயற்சிகளின் வழியாக இவர்களுடைய கைவண்ணம், இவர்கள் பெயரையே அறியாத இளைஞரின் விரல்களையும் இன்று சென்றடைந்திருக்கிறது.

இவர்களைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் பியூக்கானனின் 1972-ஆம் வருஷத்து இசைத்தட்டில் உள்ள 'தி மெஸ்ஸையா வில் கம் அகெய்ன்' என்ற உருப்படியிலிருந்து தொடங்கலாம். தாழ்ந்த குரலில் சில வார்த்தைகளைப் பேசி நிறுத்திவிட்டு, மீதியைக் கிதாரிடம் ஒப்படைத்துவிடுகிறார். அதற்கப்புறம் கேட்டனின் '88 எல்மைரா ஸ்ட்ரீட்'டை எடுத்து, முதல் தடவை வேகத்தைக் கண்டு பிரமிப்பதோடு நில்லாமல், இரண்டாம் தடவை அவர் மெதுவாக வாசிக்கும் இடங்களை மட்டும் தேடிக் கேட்க வேண்டும். அவர் எப்பேர்ப்பட்ட வித்வான் என்பது அங்கேதான் விளங்கும்.