கிரிவலமும் வியர்வைக் கணக்கும்

நம் மாவட்டத்து வெயிலை யாருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பேருந்தின் சன்னல் கம்பியைக் கூடத் தொட முடியாது. இருப்பினும் அண்ணாமலையைக் காண வருவோர் நடக்கத்தான் செய்கின்றனர். மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். பக்தர், உடல்நலத்துக்காக நடப்பவர், ஊர் பார்க்க வந்த வெளிநாட்டவர் என அனைவரின் உடலும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டது. அதனைச் சற்றே ஆராய்வோம்.

50 கிலோ எடையுள்ள ஒருவர் கிரிவலம் முடிக்கச் சுமார் 500 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். அதில் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. காற்று குளிர்ந்திருந்தால் அவ்வெப்பம் தோலிலிருந்து தானே வெளியேறும். தோலின் வெப்பநிலையோ 35 டிகிரி அளவுதான். காற்று அதற்கு மேல் சூடானால் வெப்பம் உள்ளே வரத் தொடங்கும். அப்போது எஞ்சியுள்ள ஒரே வழி வியர்வை. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரியைக் கவர்ந்து செல்கிறது. ஆக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்! சூரியன் நேரே பாய்ச்சும் வெப்பம் இக்கணக்கில் சேரவில்லை. இரவில் நடந்தால் அந்தச் செலவே இல்லை. பௌர்ணமி இரவு நடையில் அறிவியலும் உண்டு என்றால் நாத்திக நண்பர்களும் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை; ஆவியாக வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் அது எளிதன்று. நம் பக்கம் காற்று வறண்டது. மத்தியதரைக்கடல் நாடுகளின் கோடையும் பெரும்பாலும் அத்தகையதே. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீரை இழந்தோம் என்றே தெரிவதில்லை. நீரோடு உப்பும் போவதால் உப்பிட்ட நீர்மோர் சிறந்தது.

இனி நம்மைப் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குரிய செய்தி. நாள்தோறும் வெயிலில் உழைக்கும் உடல் இரண்டொரு வாரத்தில் அதற்குப் பழகிவிடும். வியர்வை முன்னதாகவே சுரக்கும். அதில் உப்பு குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். மல்லாட்டை பிடுங்கும் என் தாயாருக்கு இது வாய்த்திருக்கிறது. மின்விசிறியின் கீழ் படிக்கும் எனக்கோ சில வாரங்களில் கழன்றுவிடுகிறது. விடுமுறையின் முதல் நாளே உச்சிவெயிலில் மண்வெட்டி எடுப்பது வீரமன்று. ஆனால் பழகிய உடலுக்கு வியர்வை அதிகம். தண்ணீரும் அதிகம் வேண்டும். கழனியில் ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். எந்தப் பாடநூலும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று தொண்டு செய்யச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலிலேயே நடக்கத் தொடங்கியவர் யாரேனும் சோர்ந்து அமர்ந்தால் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பதில் குழறினால் அது வெறும் களைப்பன்று. உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கியிருக்கலாம். வியர்வை வழிவதைக் கண்டு ஏமாறக் கூடாது. 108 ஆம்புலன்சை அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, வண்டி வரும்வரை விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.