கூரை போடாமல் விட்ட மாளிகை

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டை முற்றத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சிவப்பு மணற்கல்லால் ஆன ஒரு மாளிகை முகப்பு தெரியும். மூன்று தளங்கள், தளத்துக்குத் தளம் சிலைகள், கல்லிலேயே செதுக்கிய பூவேலைகள். கொஞ்சம் அண்ணாந்து மேல்மாடி ஜன்னல்களைப் பாருங்கள். திரைச்சீலையும் இல்லை, உத்தரமும் இல்லை. வானம்தான் தெரிகிறது.

கட்டிமுடிக்கப் பணமில்லாமல் போனதோ என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு இதற்குக் கூரை போட ஒரு கட்டடக் கலைஞர் திட்டத்தோடு காத்திருந்தார். வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் கடைசியில் வென்றார்கள்.

மாளிகையின் பெயர் ஒட்ஹைன்ரிஷ் மாளிகை. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற எழுவரில் ஒருவரான பலட்டினேட் ஆட்சியாளர் ஒட்ஹைன்ரிஷ் இதைக் கட்டத் தொடங்கினார். கட்டடம், கலை, புத்தகம் என்று செலவழித்துக் கடனில் மூழ்கிய மனிதர் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1556இல்தான் ஹைடல்பெர்க் ஆட்சி அவர் கைக்கு வந்தது. வந்ததும் மறுபடி கட்டட வேலையில் இறங்கிவிட்டார்! பிள்ளையில்லாத அவர் 1559இல் இறந்தபோது மாளிகை முடிந்திருக்கவில்லை. அடுத்து வந்தவர் முடித்துவைத்தார்.

சிலைகளுக்காக 1558இல் அலெக்ஸாண்டர் கோலின் என்ற சிற்பியோடு ஒப்பந்தம் போடப்பட்டது. இன்றைய பெல்ஜியத்தின் மெக்கெலன் ஊர்க்காரர். முகப்பில் மொத்தம் 16 சிலைகள். கீழே யோசுவா, சிம்சோன், தாவீது என்னும் பைபிள் வீரர்கள். அவர்களுக்கு நடுவே கிரேக்க வீரன் ஹெர்குலிஸ். அதற்கு மேல் வலிமை, விசுவாசம், அன்பு, நம்பிக்கை, நீதி ஆகிய ஐந்து பண்புகளுக்கு ஐந்து உருவங்கள். இன்னும் மேலே போனால் நமக்குப் பழக்கமானவர்கள்: சனி, செவ்வாய், வெள்ளி, புதன், சந்திரன், உச்சியில் சூரியனும் வியாழனும். ராகு கேது நீங்கலாக மற்ற ஏழு கிரகங்களும் அந்தச் சுவரில் நிற்கின்றன. நல்ல அரசனுக்கு வீரம் வேண்டும், பண்பு வேண்டும், மேலே கிரகங்களின் ஆதரவும் வேண்டும் என்று சொல்வதுபோல இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒட்ஹைன்ரிஷின் சொந்த முகமும் உண்டு. அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்றாக இருந்திருக்காது.

அழிவு ஒரு திருமண உறவைச் சாக்காக வைத்து வந்தது. இதே கோட்டையில் 1652இல் பிறந்த இளவரசி எலிசபெத் ஷார்லட், பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டார். அவருடைய அண்ணன் வாரிசில்லாமல் இறந்ததும், தம்பி மனைவிக்குப் பங்கு உண்டென்று லூயி படை அனுப்பினார். தன் பெயரால் பிறந்த மண் அழிவதை அந்தப் பெண் பிரான்சிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படை கோட்டையை வெடிவைத்தும் தீவைத்தும் சிதைத்தது. 1720இல் ஆட்சியாளர் தலைநகரையே மன்ஹைமுக்கு மாற்றிக்கொண்டார். 1764இல் இடி விழுந்து மீண்டும் தீ. அதன்பின் ஊர்மக்கள் வீடு கட்ட இங்கிருந்து கல்லை எடுத்துப் போனார்கள்.

அதைத் தடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான் என்பது வேடிக்கை. சார்ல்ஸ் தெ கிரெம்பெர்க் என்ற பிரபு 1810இல் வந்தவர், இடிபாடுகளுக்குத் தாமாகவே காவலராகி அங்கேயே குடியிருந்தார். கோட்டையைப் படங்களாக அச்சிட்டு உலகறியச் செய்ததும் அவர்தான்.

பிறகு வந்தது அந்தப் பெரிய சண்டை. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானதும், பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததைத் திரும்பக் கட்டுவது மானப் பிரச்சினையாயிற்று. 1891இல் ஒரு நிபுணர் குழு, மீட்டுக் கட்ட வேண்டாம், இருப்பதைக் காப்போம் என்றது. ஆனாலும் பக்கத்திலுள்ள ஃபிரடரிக் மாளிகையைக் கார்ல் ஷேஃபர் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். உள்ளே அவர் செய்த அலங்காரம் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கற்பனை. அடுத்து அவர் ஒட்ஹைன்ரிஷ் மாளிகைக்குத் திட்டம் போட்டபோது, 1901இல் கலை வரலாற்றாசிரியர் கேயோர்க் டேஹியோ ஒரு சிறு நூல் எழுதி எதிர்த்தார். பழைய கூரை எப்படி இருந்தது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லாதபோது, கட்டப்போவது பழைய மாளிகையாக இருக்காது, இருபதாம் நூற்றாண்டின் ஊகமாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். கூரை கைவிடப்பட்டது. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய ஐரோப்பியச் சிந்தனையில் இந்தச் சர்ச்சைக்குத் தனி இடம் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்று பழகிய நமக்கு டேஹியோவின் பேச்சு உடனே ஒட்டாது. சிதைந்ததைச் செப்பனிடாமல் விடுவது நம் கண்ணுக்கு அலட்சியம். ஆனால் கோயில் வழிபாட்டில் இருக்கிறது. இந்த மாளிகைக்கோ குடியிருக்க அரசன் இல்லை. அதனால் இந்த விஷயத்தில் என் ஓட்டு டேஹியோவுக்கே. ஃபிரடரிக் மாளிகையையும் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே முற்றத்தில்தான் நிற்கின்றன.

வெற்று மாளிகை என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் 1957 முதல் ஜெர்மன் மருந்தக அருங்காட்சியகம் இயங்குகிறது. பழைய மருந்துக்கடைகளின் மர அலமாரிகள், பீங்கான் ஜாடிகள், உரல்கள் என்று பிள்ளைகளுக்கும் அலுக்காத இடம். கோட்டை நுழைவுச்சீட்டே அதற்கும் போதும். முகப்பைப் படமெடுக்கப் பிற்பகலே நல்லது. மேற்குப் பார்த்த சுவர், வெயில் நேராக விழும்.