பிடியரிசியும் தூரதேச ஊழியமும்: திருநெல்வேலித் திருச்சபையின் காணிக்கை மரபு

ஆய்வுச்சுருக்கம்

திருநெல்வேலிப் பகுதியின் சீர்திருத்தத் திருச்சபை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டு உதவியைப் பெறும் சபையாக இருந்தது. 1903ஆம் ஆண்டில் அது தன் சொந்தப் பணத்தில், வேற்று மொழி வழங்கும் நிலப்பகுதிக்கு மிஷனெரிகளை அனுப்பும் சபையாக மாறியது. இம்மாற்றத்தைத் தாங்கிய காணிக்கை முறைகள் யாவை, அவை உள்ளூர்ப் பணியையும் தூரதேசப் பணியையும் எவ்வாறு இணைத்தன, கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையிலான உறவில் அவை எழுப்பிய வினா யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

திருநெல்வேலிக் கிறித்தவரின் வழக்கில், ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த பல ஊர்ச் சபைகளின் தொகுதி ‘சேகரம்’ எனப்படுகிறது. திரட்டுதல், தொகுத்தல் என்பன இச்சொல்லின் பொதுப்பொருள். சேகரங்கள் பல சேர்ந்த பெரிய அமைப்பு ‘திருமண்டலம்’ ஆகும். உறுப்பினர் முறையாகச் செலுத்தும் தொகை ‘சங்கக் காணிக்கை’ என்றும், வருவாயில் பத்தில் ஒரு பங்கு ‘தசமபாகம்’ என்றும், ஒவ்வொரு வேளைச் சமையலிலும் எடுத்து வைக்கும் அரிசி ‘பிடியரிசி’ என்றும் வழங்கப்படுகின்றன. மன்னனுக்கும் தெய்வத்துக்கும் கொடுப்பதைக் குறித்த ‘காணிக்கை’ என்னும் பழஞ்சொல்லையே சபையும் ஏற்றுக்கொண்டது. கொடுத்தலுக்கு இத்தனை சொற்கள் வழங்குவது, அம்மக்களின் அன்றாட வாழ்வில் அது பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது.

பெறும் சபையாக இருந்த காலம்

பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் பெண்மணி 1785இல் கட்டுவித்த சிற்றாலயம் இப்பகுதிச் சபை வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்று. 1816இல் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் பள்ளிகளைத் தொடங்கினார். அவருடைய வேண்டுகோளை அடுத்துச் சர்ச் மிஷனெரி சங்கம் இப்பகுதியில் கால்கொண்டது. 1820இல் அச்சங்கத்தின் சார்பில் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார்.

அக்காலத்துப் பண ஓட்டத்தின் திசையை ஊர்ப்பெயர்களே உணர்த்துகின்றன. 1827இல் ரேனியஸ் உருவாக்கிய டோனாவூர், அவ்வூரின் ஆலயத்துக்குப் பொருளுதவி செய்த டோனா பிரபு என்னும் ஜெர்மானியரின் பெயரைத் தாங்கியது. பாளையங்கோட்டையின் சாரா டக்கர் கல்வி நிறுவனம், இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்திராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் நினைவாகத் திரட்டப்பட்ட பணத்தில் எழுந்தது. கொடுத்தவர் தொலைவில் இருந்தார். பெற்றவர் அவர் பெயரை ஊருக்கும் பள்ளிக்கும் இட்டு வழங்கினர்.

எனினும், பெறும் காலத்திலேயே கொடுக்கும் பழக்கமும் தொடங்கிவிட்டது. 1830இல் ரேனியஸ் ஏற்படுத்திய தரும சங்கம் இதற்குச் சான்று. மதம் மாறியதனால் தாம் குடியிருந்த இடத்தை இழந்தோர்க்கு நிலம் வாங்கவும், ஆலயமும் பள்ளியும் கட்டவும் கிறித்தவர்களே தமக்குள் நிதி திரட்டிய அமைப்பு அது. முதற் கொடை அண்டை ஊராரின் குடியிருப்புக்காகக் கொடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

தெற்கிலிருந்து வடக்கிற்கு

1854இல் ராக்லண்ட் முதலானோர் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமிட்டுச் செல்லும் ஊழியத்தைத் தொடங்கினர். கிறித்தவர் அதிகம் வாழ்ந்த தென்பகுதிச் சபைகள், தம் உபதேசியார்களை முறைவைத்து அவ்வூழியத்துக்கு அனுப்பி, அவர்களுக்கான செலவையும் ஏற்றன. பயணம் சில நாள் நடைத்தொலைவே. மொழியும் ஒன்றே. ஆயினும், தம் ஊர் ஆலயத்துக்குப் பயன்படாத ஒரு செலவை அச்சபைகள் விரும்பி ஏற்ற நிகழ்வு என்பதால் இது முக்கியத்துவம் பெறுகிறது.

அதே காலப்பகுதியில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் வேலைசெய்த தமிழரிடையே பணியாற்றவும் திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் கடந்தனர். அங்கே செலவில் தோட்ட முதலாளிகளின் பங்கும் இருந்தது. ஆள் திருநெல்வேலியினர், பணமும் நிர்வாகமும் பெரும்பாலும் பிறருடையவை. இவ்வேறுபாடே பின்னாளில் சிந்தனைக்குரியதாயிற்று.

சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தன்னைத் தானே விரிவாக்க வேண்டும் என்னும் மூன்று இலக்குகளை வகுத்தார். இவற்றுள் முதலாவதை மட்டும் நிறைவேற்றி ஏனையவற்றை ஒத்திப்போடுவது எளிது. குருவானவரின் சம்பளத்தைக் கொடுக்கும் சபைக்கு, அவரை நியமிக்கும் உரிமை உடனே கிடைத்துவிடுவதில்லை.

காணிக்கையின் இயக்கம்

திருநெல்வேலியின் தென்பகுதித் தேரிக்காட்டு ஊர்களில் பனையே வாழ்வாதாரம். பதநீர் இறங்கும் பருவத்தில்தான் கருப்பட்டி காய்ச்சி விற்க முடியும். ஆண்டின் ஏனைய மாதங்களில் கையில் பணம் அரிது. இத்தகைய குடும்பங்களிடம் மாதந்தோறும் பணமாகக் கேட்பது பொருந்தாது. ஆதலால் காணிக்கை விளைபொருளின் வடிவத்தை எடுத்தது. ஒரு பனையின் பயனை ஆலயத்துக்கென ஒதுக்குதல், முதற்பலனைப் படைத்தல், அறுப்பின் பண்டிகையில் கோழி, வாழைத்தார், பூசணிக்காய் ஆகியவற்றைக் கொணர்ந்து ஏலம் விடுதல் ஆகியன இவ்வாறு அமைந்தவை. ஏலத்தில் ஒருவர் கொடுத்ததை மற்றொருவர் விலை கூட்டி எடுப்பதால், ஒரே பொருளில் இருவர் காணிக்கை சேர்கிறது.

இவற்றுள் பிடியரிசி தனித்துச் சுட்டத்தக்கது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் இடுவதே இம்முறை. குறிப்பிட்ட நாளில் அது சேகரிக்கப்பட்டு, விற்கப்பட்டுப் பணமாகிறது. ஒரு பிடி 50 கிராம் எனவும், நாளொன்றுக்கு இருவேளைச் சமையல் எனவும் கொண்டால், ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 36 கிலோ சேரும். நூறு வீடுகள் கொண்ட சபையில் அது 3,600 கிலோவுக்கு மேற்படும். தனித்தனியே நோக்கின் எவர் குடும்பத்தையும் பெரிதும் வருத்தாத அளவு, ஒருங்கு சேரும்போது ஓர் ஊழியரைத் தாங்கும் ஆற்றல் பெறுகிறது.

இம்முறையின் மற்றொரு கூறும் கவனிக்கத்தக்கது. வீட்டின் பணப்பெட்டி ஆண்கள் கையில் இருந்த சூழலில், அரிசிப்பானை பெண்கள் கையில் இருந்தது. எவரிடமும் கேளாமல் தாமே முடிவுசெய்து கொடுக்கக்கூடிய ஒன்றைப் பிடியரிசி அவர்களுக்கு அளித்தது எனலாம். இதே வழக்கம் மிசோரம் சபைகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பெண்களால் நடத்தப்பட்டு, மிஷனெரிகளை அனுப்பும் பெருநிதியாக வளர்ந்தது ஒப்பிடத்தக்கது.

1903: அனுப்பும் சபை

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, இளைஞர் கிறித்தவ சங்கத்தின் செயலராகத் தென்னிந்தியாவெங்கும் பயணம் செய்தவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் சொந்த முயற்சியில் மிஷனெரி சங்கம் நடத்துவதைக் கண்டார். அவர்கள் செய்வதைத் தொகையில் மிகுந்த திருநெல்வேலிச் சபை ஏன் செய்யவில்லை என்னும் வினா அவரைத் தூண்டியது. 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. 1904இல் அதன் முதல் மிஷனெரியாகச் சாமுவேல் பாக்கியநாதன், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1905 டிசம்பர் 25இல் செராம்பூரில் தோன்றிய தேசிய மிஷனெரி சங்கம் இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்னும் மூன்றையும் கொள்கையாக அறிவித்தது. அதன் தோற்றத்திலும் அசரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

தோர்ணக்கல் கடல் கடந்த நாடன்று. எனினும் திருநெல்வேலியினருக்கு அது அயல்நாடே. ஆட்சி வேறு, மொழி தெலுங்கு. அங்குத் திருச்சபையில் சேர்ந்தோருள் மிகப்பலர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினர்; நிலமற்ற உழவுத் தொழிலாளர். பெரும்பாலும் நாடார் சமூகத்தினரைக் கொண்ட ஒரு தமிழ்ச் சபை, தன் உணவின் பகுதியை இம்மக்களுக்கென ஒதுக்கியது சாதி எல்லையைக் கடந்த செயலாகும். ஆனால் தொலைவில் கடக்கப்பட்ட எல்லை உள்ளூரிலும் கடக்கப்பட்டதா என்பது வேறு வினா. சபைகளுக்குள் சாதிவேறுபாடு நீடித்ததை இம்மண்டலத்தின் வரலாறு மறைக்கவில்லை. தூரதேசத்துக்குக் கொடுப்பது, அண்டை வீட்டாரோடு உடனுண்பதற்கு ஈடாகாது.

உள்ளூரா, தொலைவா?

உள்ளூர்த் தேவைகளும் குறைவல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவித்திறன் அற்றோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஊர்தோறும் தொடக்கப்பள்ளிகளும் ஆலயங்களும் உபதேசியார் சம்பளமும் இருந்தன. இந்நிலையில் வெளியே அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் உள்ளூரில் குறையும் ரூபாயே என்னும் கணக்கு இயல்பானது. தன் குறை தீர்ந்த பின்னரே பிறர்க்குக் கொடுப்பது என்று ஓர் ஏழைச் சபை முடிவுசெய்திருப்பின், அது என்றும் பெறும் சபையாகவே நின்றிருக்கும். தூரதேச ஊழியத்துக்கெனத் தனிச் சங்கம், தனிக் கணக்கு என வகுத்தது இச்சிக்கலுக்குக் கண்ட நடைமுறைத் தீர்வாகும். அதனால் இருவகைக் காணிக்கையும் ஒன்றையொன்று விழுங்காமல் நின்றன.

பெறுபவரும் கொடுத்தல்

1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்ற அசரியா, 1910இல் எடின்பர்க் உலக மிஷனெரி மாநாட்டில் உரையாற்றினார். மேனாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையும் பொருட்கொடையையும் நன்றியுடன் ஏற்ற அவர், இந்தியக் கிறித்தவர் வேண்டுவது நட்பு என்றார். கொடை, கொடுப்பவரை மேலும் பெறுபவரைக் கீழும் நிறுத்திவிடும் என்னும் உண்மை அவ்வுரையின் உட்பொருள்.

1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானபோது, அதே வினா அவரை நோக்கியே திரும்பியது. திருநெல்வேலி கொடுக்கும் இடத்திலும் தோர்ணக்கல் பெறும் இடத்திலும் இருந்தன. அவர் கண்ட வழி, வறியோரையும் கொடுப்போராக்குவது. தோர்ணக்கல் ஊர்களிலும் பிடியரிசி எடுத்து வைக்கப்பட்டது. அறுவடை விழாக்களில் தானியமும் கோழியும் படைக்கப்பட்டன. கிறித்தவ ஈகை குறித்துத் தனி நூலே எழுதினார். 1939 சனவரி 6இல் அங்குப் பேராலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது. நாளெல்லாம் உழைத்தும் அரைவயிறு உண்போரிடம் காணிக்கை கேட்பது முறையா என்னும் ஐயம் எழலாம். கேட்காதிருப்பது அவர்களை என்றும் பிறர் தயவில் வாழ்வோராகக் கருதுவதாகும் என்பது அசரியாவின் நடைமுறை தரும் விடை. இரண்டிலும் நியாயம் உண்டு. கட்டாயம் புகுந்தால் காணிக்கை வரியாகிவிடும் என்பதும் உடன் எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். திருநெல்வேலித் திருச்சபையின் மிஷனெரிப் பணி, தரும சங்கம், வடதிருநெல்வேலி ஊழியம், இலங்கைத் தோட்டப் பணி, தோர்ணக்கல் எனப் படிப்படியாகத் தொலைவு கூடி வளர்ந்தது. பணமில்லாப் பொருளாதாரத்துக்கு ஏற்ற காணிக்கை வடிவங்களே இவ்வளர்ச்சியைத் தாங்கின. அவற்றில் பெண்களின் பங்கு அடிப்படையானது. சொந்தப் பணம், நிர்வாக உரிமைக்கும் வழிவகுத்தது. அனுப்பிய சபை தான் முன்பு பெறும் இடத்தில் நின்றதை மறவாதபோதுதான், தோர்ணக்கல் மக்களும் கொடுப்போராக மதிக்கப்பட்டனர். சேகரங்களின் பழைய கணக்கேடுகளில் பிடியரிசி வரவு எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை ஊர்வாரியாக ஆராயின், இம்மரபில் பெயர் குறிக்கப்படாத பெண்களின் பங்களிப்பு மேலும் தெளிவுபெறும்.