தாகம் என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நாளமில்லாச் சுரப்பிகளைப் படித்து முடித்த பிள்ளைகளே எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் என்று படம் வரைந்து பாகம் குறித்தவர்கள். இன்சுலின் இல்லாவிட்டால் அதிகச் சிறுநீர், அதிகத் தாகம், அதிகப் பசி என்று தேர்வில் பிழையில்லாமல் எழுதியவர்கள். அந்த மூன்றும் தங்கள் உடம்பிலேயே சில வாரங்களாக நடந்துகொண்டிருந்ததை அவர்கள் அறியவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த தோழிக்கும் தெரியவில்லை, பாடம் நடத்திய ஆசிரியருக்கும் தெரியவில்லை. பெருமூச்சு வாங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெயரைக் கேட்டால்கூடப் பதில் சொல்ல முடியாத நிலையில் தூக்கி வருகிறார்கள்.

இது முதல் வகை நீரிழிவு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்களை உண்டாக்கும், ரத்தம் அமிலமாகும். அதன்பிறகு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எங்களிடம் வருவதற்கு முன்

பெற்றோரிடம் விசாரித்தால் கிட்டத்தட்ட ஒரே கதைதான். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது. வெயில் என்று நினைத்து ஜூஸும் குளுக்கோஸ் பவுடரும் கலக்கிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஏறிக் கிடந்த சர்க்கரை இன்னும் ஏறியது. படுக்கையில் நனைக்கும் பழக்கம் விட்டுப் பல வருடமான பிள்ளை மறுபடி நனைத்தது, திட்டு விழுந்தது. உடம்பு இளைத்தது; பூச்சி மருந்து கொடுத்தார்கள். வாந்தி எடுத்தது, தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். வயிற்று வலிக்கு மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கினார்கள். மூச்சு வாங்கியபோது வீசிங் என்று ஆவி பிடித்தார்கள். கடைசியில் துவண்டு விழுந்ததும், தெம்பு வரட்டும் என்று தெருமுனையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை பார்க்காமல் ஒரு பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இத்தனை இடத்துக்கு அலைந்த பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் சர்க்கரை 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அன்றைக்கே மருத்துவமனை.

மிட்டாய் தின்றதால் வந்ததல்ல

"நான்தான் சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டேன்" என்று அழும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: இல்லை அம்மா, நீங்கள் எதுவும் செய்யவில்லை. இனிப்புக்கும் இந்த நோயின் தொடக்கத்துக்கும் தொடர்பில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல; பக்கத்தில் உட்கார வைக்கலாம், சோற்றைப் பகிர்ந்து சாப்பிடலாம். தாத்தாவின் சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் சரியாகாது. அழிந்துபோன செல்லை எந்த மாத்திரையும் சுரக்க வைக்காது.

இன்சுலின் ஊசி போட்டால் பழகிவிடும் என்கிறார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அது போதைப் பொருள் அல்ல. பெண் பிள்ளை என்றால் விஷயத்தையே மறைக்கிறார்கள். நாளைக்குக் கல்யாணம் நடக்காதாம். விருந்தாளி வந்தால் ஊசி தள்ளிப்போகிறது, ஊருக்குப் போனால் ஊசிப்பெட்டி வீட்டிலேயே கிடக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்து, கல்யாணம் செய்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்துவது. சிறியாநங்கை, நாவல்கொட்டைப் பொடி, கருஞ்சீரகம், பாகற்காய்ச் சாறு என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. "கொடுத்தோம் டாக்டர், நிஜமாகவே சுகர் இறங்கியது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்சுலின் தொடங்கிய பிறகு, மிச்சமிருக்கும் கொஞ்சம் செல்கள் ஓய்வெடுத்துத் தேறி, சில வாரமோ சில மாதமோ சுரக்கும். ஊசியின் அளவு குறையும். பல பிள்ளைகளுக்கு இது தானாக நடப்பது. அந்த நேரம் பார்த்துக் குடித்த கஷாயத்துக்குப் பேர் கிடைக்கிறது, ஊசி நிற்கிறது. பிறகு அந்தச் செல்களும் ஓய்ந்துபோகும். பிள்ளை மறுபடி மயக்கத்தோடு வரும். சில பிள்ளைகள் வந்து சேர்வதில்லை.

இன்சுலினுக்கு முன்னால் உலகம் முழுக்க மூலிகையும் பத்தியமும்தான் இருந்தன. இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்தார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருந்த அவன் அதற்குப்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கஷாயம் குடித்தே தீருவேன் என்றால் என்னிடம் சொல்லிவிட்டாவது குடியுங்கள். ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

காய்ச்சல் நாளில்

"ரெண்டு நாளாகச் சாப்பிடவே இல்லை, அதனால் ஊசி போடவில்லை." இதை அடிக்கடி கேட்கிறேன். காய்ச்சல் வந்தால் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். அன்றைக்கு அளவு மாறலாம்; எங்களைப் போனில் கேளுங்கள், ஆனால் இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

கரண்ட் இல்லாத வீடென்றால் இன்சுலினை ஈர மணல் போட்ட மண்பானையில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்த இன்சுலின் பயன்படாது. பணமில்லை என்று அளவைக் குறைக்காதீர்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.

ஆசிரியர்களிடம் கேட்பது

பாடப்புத்தகத்தில் இருக்கும் கணையப் படத்தை நடத்தும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். "இப்படித் தாகமும் சிறுநீரும் அதிகமாக யாருக்காவது இருக்கிறதா, வீட்டில் தம்பி தங்கைக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். நவம்பர் 14 உங்களுக்குக் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பேண்டிங்கின் பிறந்தநாளும் அதுவே, உலக நீரிழிவு தினமும் அதுவே. அன்றைய பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசலாம்.

அடிக்கடி பாத்ரூம் கேட்கும் பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஊசி போடும் மாணவருக்கு ஒரு மறைவான இடம் கொடுங்கள். வகுப்பு நடுவில் சாப்பிட விடுங்கள். சிபிஎஸ்இ 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இவர்கள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுவர அனுமதித்துவிட்டது; சாதாரண வகுப்புத் தேர்வில் தடுப்பதற்குக் காரணமே இல்லை.

ஊசி போடும் மாணவர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, உளறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.