கமரா இருக்கும் காலத்தில் ஓவியம் எதற்கு?

கைத்தொலைபேசியை நீட்டினால் ஒரு நொடியில் படம் வந்துவிடுகிறது. இந்தக் காலத்திலும் ஒருவர் தாளையும் வண்ணக் கட்டியையும் வைத்துக்கொண்டு ஏன் நாட்கணக்காக வரைய வேண்டும்? நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் வேலையொன்று இதற்கு நல்ல விடை தருகிறது.

டில்லியில் ஓவியம் பயின்று, ஊர் திரும்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்க வந்தவர் அவர். 2011 இல், 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் அவருடைய நூல் வெளிவந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு என்பதை எமது முதியோர் அறிவர். யாருடைய காணி, எவ்வளவு பரப்பு என்றெல்லாம் அதில் இருக்கும். வரி அறவிடுவோரின் வசதிக்காக எழுதப்பட்டது அது. அங்கே வாழ்ந்தவரின் கதை அதில் இராது.

சனாதனன் செய்தது இதுதான். வடக்கு கிழக்கில் இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அவர்கள் ஓவியர்கள் அல்லர். அவர்கள் கீறியதைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுப்படம்போல நேர்த்தியாக வரைந்தார். மூன்றாவதாக, அந்த வீட்டை நினைத்துச் சனாதனன் தம் கையால் வண்ண ஓவியம் தீட்டினார்.

கமரா தன் முன்னால் நிற்பதைத்தான் பிடிக்கும். இடிந்த வீட்டைப் பிடித்தால் இடிபாடுதான் வரும். பழைய போட்டோவும் பலரிடம் இல்லை. 1990 இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு நடந்தவர்களும் எதைக் கையில் எடுத்திருக்க முடியும்? உறுதியை எடுத்தவர் அல்பத்தை விட்டிருப்பார். ஆனால் குசினியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்பதைக் கால் மறப்பதில்லை. அந்த நினைவை வெளியே எடுக்கக் கைதான் வேண்டும். ஆகவேதான் ஓவியர் இன்னும் வரைகிறார் என்பது என் எண்ணம்.

ஒரு குறை சொல்லலாம். இத்தகைய நூல்கள் கலைக்கூடங்களைச் சென்றடையும் அளவுக்கு எமது கிராமங்களை வந்தடைவதில்லை. ஆனால் முறையை எவரும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் போதும். வீட்டோடு நிறுத்தாமல் படலை, துலா, மாட்டுக் கொட்டில், வயல் வரம்பு, வாய்க்கால் திரும்பும் இடம் எல்லாவற்றையும் போடுங்கள். உறுதியில் எல்லையும் பரப்பும் இருக்கும், இவை இரா. காணிப் பிணக்கில் இப்படம் உறுதிக்கு ஈடாகாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீறும்போது வீட்டில் இரண்டு பேரையாவது கூட இருத்துங்கள். அம்மம்மா முருங்கையை ஓரிடத்தில் வைப்பார், மாமா இன்னோரிடத்தில் வைப்பார். இரண்டையும் கீறிவிடுங்கள்.